மெட்ராஸ் சந்தும் ஒரு கிண்ணம் கறி மீயும்

கோலாலம்பூரில் மத்தியானச் சாப்பாடு பற்றி எழுதுகிறவர்களுக்கு ‘ஒளிந்திருக்கும் கடை’ என்ற சொல் மேல் ஒரு மோகம். பெட்டாலிங் ஸ்திரீட்டுக்குப் பின்னால் மெட்ராஸ் லேன் என்ற சந்தில் இருக்கிற கறி மீ கடைகளைப் பற்றி மட்டும், இந்தச் சொல்லோடு பத்துப் பதினைந்து கட்டுரையாவது படித்திருப்பேன். எல்லாவற்றிலும் ஒரே வரிசை: குறுகலான சந்து, ஈரத் தரை, மீன் வாடை, திடீரென்று ஒரு தகரக் கூரை, அதன்கீழ் ஆவி பறக்கும் கிண்ணம். எழுதியவர் கொலம்பஸ் மாதிரி நின்று போட்டோ எடுத்திருப்பார். அந்த போட்டோவிலேயே அவருக்குப் பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஐம்பது பேர் சாப்பிடுகிற இடம் யாருக்கு ஒளிந்திருக்கிறது என்பது என் முதல் கேள்வி. அங்கே கிடைக்கிற கிண்ணத்தை எந்த அளவுகோலை வைத்து நல்லது கெட்டது சொல்வது என்பது இரண்டாவது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கீழே இருப்பது 2017 முதல் 2019 வரை, பசார் செனி பக்கம் எனக்கு வேலை இருந்த காலத்தில், நோட்டில் எழுதி வைத்த குறிப்புகளை வைத்து எழுதுவது. அதனால் இன்றைக்கு என்ன விலை, யார் கடை இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கும் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பெட்டாலிங் ஸ்திரீட் எல்லாருக்கும் தெரிந்த சீனர் கடைத்தெரு. மேலே கூரை, கீழே போலிக் கைக்கடிகாரம், கைப்பை, வறுத்த கஷ்கொட்டை. அந்தத் தெருவுக்கும் துன் எச்.எஸ். லீ சாலைக்கும் நடுவில், கடைகளின் முதுகுப்புறமாக ஓடுகிற சந்துதான் இது. முதலில் ஈரச் சந்தை வரும். மீன், கோழி, கீரை, தவ்பூ. அதைத் தாண்டினால் அங்காடிக் கடைகள். கறி மீ விற்கிறவர்கள், யோங் தாவ் பூ விற்கிறவர்கள். காலையில் திறந்து, மத்தியானம் சாமான் தீர்ந்ததும் கழுவி மூடிவிடுவார்கள். ராத்திரி போனால் பூனை மட்டும்தான் இருக்கும். மெட்ராஸ் என்ற பெயர், அங்கே முன்பு இருந்த மெட்ராஸ் தியேட்டரால் வந்தது. தியேட்டர் தீயில் போய்விட்டது. பெயர் சந்தில் தங்கிவிட்டது.

நம் ஆட்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் நெஞ்சை நிமிர்த்துவதைப் பார்த்திருக்கிறேன். “மெட்ராஸ் சந்துல கறி, பாத்தீங்களா? எல்லாம் நம்மகிட்டேருந்து போனதுதான்!” கொஞ்சம் நிதானம் வேண்டும். ஒரு சினிமாக் கொட்டகையின் பெயர், ஒரு சீனர் கடைத் தொகுதிக்கு முகவரி ஆனது. அவ்வளவுதான் அந்தப் பெயருக்குள் இருக்கிற சரித்திரம். கிண்ணத்துக்குள் இருக்கிற சரித்திரம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இதே துன் எச்.எஸ். லீ சாலையில்தான் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. 1873-இல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கி வைத்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு வெள்ளி ரதம் புறப்படுகிற கோயில். நடந்தால் சந்துக்கும் கோயிலுக்கும் சில நிமிஷம். என் சின்ன வயதில் மாதத்துக்கு இரண்டு வெள்ளிக்கிழமையாவது அம்மாவோடு அங்கே போவேன். அப்படியென்றால் இந்தச் சந்தின் வாயை நான் எத்தனை நூறு தடவை கடந்திருப்பேன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு தடவைகூடப் போனதில்லை. வெள்ளிக்கிழமை வீட்டில் மரக்கறி. குளித்து, துவைத்த சட்டை போட்டு, பூ வாங்கி, கோயிலுக்குப் போகிற வழி அது. கோழி அறுக்கிற சத்தமும் மீன் தண்ணியும் வருகிற பக்கம் அம்மா என் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பார். அவ்வளவுதான். யாரும் எதையும் தடை செய்யவில்லை, யாரைப் பற்றியும் தப்பாகச் சொல்லவில்லை. விரத நாளில் மட்டுமே நாங்கள் அந்த வட்டாரத்துக்குப் போனோம், அதனால் அந்த வட்டாரத்தின் சாப்பாடு எங்கள் கண்ணில் விழவே இல்லை. முப்பது வயது வரை எனக்கு அது ஒளிந்திருந்த கடைதான். ஒளித்து வைத்தது எங்கள் வீட்டுக் காலண்டர்.

2017 ஜூலையில் பசார் செனிக்கு எம்ஆர்டி வந்தது. அந்த வருஷக் கடைசியில் எனக்கு அந்தப் பக்கம் வேலை. கூட வேலை பார்த்த ஒரு காண்டோனீஸ் நண்பர் ஒரு புதன்கிழமை மத்தியானம் இழுத்துக்கொண்டு போனார். கடைக்கார ஆண்டி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: “மீ? மீகூன்? சம்புர்?” மஞ்சள் மீயா, அரிசி மீகூனா, கலந்தா. கலந்து என்றேன். ஏழெட்டு வெள்ளி என்று குறித்திருக்கிறேன்.

அந்தக் கிண்ணத்தை எப்படிச் சேர்க்கிறார்கள் என்று நின்று பார்ப்பது, சாப்பிடுவதில் பாதி. கம்பி வலைக் கரண்டியில் மீயைப் போட்டுக் கொதிநீரில் முக்கி எடுக்கிறார்கள். மஞ்சள் மீயில் காரநீர் சேர்த்துப் பிசைந்திருக்கும். சரியாக முக்காவிட்டால் சவுக்காரத் தண்ணி மாதிரி ஒரு வாசம் குழம்பில் ஏறிவிடும், அப்புறம் எத்தனை மசாலா போட்டாலும் போகாது. மீ கிண்ணத்துக்கு வந்ததும் ஒரு கரண்டி குழம்பை மேலே ஊற்றி, மீயைக் கரண்டியால் தடுத்துப் பிடித்துக்கொண்டு, அதே குழம்பைத் திரும்பப் பானைக்கே வடிக்கிறார்கள். மறுபடி ஊற்றி, மறுபடி வடித்து. கிண்ணமும் மீயும் சூடாக வேண்டும் என்பதற்காக. முதல் தடவை பார்ப்பவருக்கு, சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்குகிற மாதிரி இருக்கும். பிறகு அதன்மேல் பிய்த்த கோழி, நீளப் பயற்றங்காய், கத்தரிக்காய், உள்ளே பஞ்சு மாதிரி இருக்கிற பொரித்த தவ்பூ, கெராங் என்ற சேற்றுச் சிப்பி, ஒரு கரண்டி சம்பால், ஓரத்தில் ஒரு குட்டி எலுமிச்சை. பன்றித் தோல் போடுகிற கடைகளும் உண்டு. வேண்டாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அன்றைக்கு என் நோட்டில் எழுதியது இரண்டே வரி: “ருசி. ஆனா கறி இல்ல.”

இந்த இரண்டாவது வரிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அதை எழுதும்போது எனக்குப் பெரிய நியாயம் இருந்தது. புளி இல்லை. தாளிப்பு இல்லை. குழம்பு நீர்க்க ஓடுகிறது. தேங்காய்ப்பால் இனிப்பு. மிளகாய் இருக்கிறது, ஆனால் காரம் அடித்தொண்டையில் நிற்காமல் உதட்டில் நிற்கிறது. இதையெல்லாம் குறையாக வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன். படித்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஒரு நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு, இதில் யாப்பு சரியில்லை என்று சொன்ன விமர்சகன் மாதிரி.

‘கறி’ என்ற சொல் நம்முடையதுதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நம்மிடமே அது ஒரே பொருளில் இருந்ததில்லை. சங்கப் பாடல்களில் கறி என்றால் மிளகு. பிறகு சோற்றோடு தொட்டுக்கொள்கிற எதுவும் கறி ஆனது. மரக்கறி என்று இங்கே நாம் இன்றும் சொல்கிறோம். இன்னொரு பக்கம் கறி என்றாலே இறைச்சி. போர்த்துக்கீசியர் வாயில் அது ‘கரில்’ ஆனது, இங்கிலீஷ்காரர் வாயில் ‘கர்ரி’ ஆனது. 1747-இல் லண்டனில் ஹன்னா கிளாஸ் தன் சமையல் புத்தகத்தில் இந்திய முறைக் கறி என்று ஒரு குறிப்பு அச்சிட்டுவிட்டார். மலாயில் ‘காரி’. காண்டோனீஸில் ‘கா லேய்’. இத்தனை வாய்க்குள் போய் வந்த சொல்லை ஒரு சீன ஆண்டி தன் பலகையில் எழுதினால், அதை வைத்துக்கொண்டு அவரிடம் போய், அம்மா வைத்த குழம்பு எங்கே என்று கேட்பது என்ன நியாயம்?

பலகையில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல் இருக்கிறது, அதை நாம் கவனிப்பதில்லை. கோலாலம்பூரில் பெரும்பாலும் ‘கறி லக்சா’ என்றுதான் எழுதியிருப்பார்கள். பேச்சில் கறி மீ என்றும் சொல்வார்கள், ரெண்டும் ஒன்றுதான். பினாங்குக்குப் போனால் லக்சா என்றால் மீன் போட்ட புளிச்சாறு. அதனால் தேங்காய்ப்பால் ஊற்றியதை அங்கே கறி மீ என்று மட்டும்தான் சொல்வார்கள், அது பார்க்கவும் வெளிறி இருக்கும், சம்பாலைத் தனியாகக் கொடுத்து நீங்களே சிவப்பாக்கிக்கொள்ளச் சொல்வார்கள். லக்சா என்ற சொல் மீயைக் குறிக்கிற ஒரு பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. நம் லட்சத்திலிருந்து வந்தது என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்கு நம்மிடையே ஆதரவு அதிகம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

விஷயம் குழம்பின் அடியில் இருக்கிறது. அதற்கு இரண்டு தாய். ஒன்று, ஈரமாக அரைத்த விழுது: காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, செரை, லெங்குவாஸ், மஞ்சள், பெலாச்சான். இது மலாய்க்காரர்களும் பெரனாக்கான்களும் ‘லெமாக்’ வைக்கிற முறை. தேங்காய்ப்பாலும் அங்கிருந்தே வருகிறது, அதற்கு நாம் தேவைப்படவில்லை. இரண்டாவது தாய், உலர்ந்த கறித்தூள்: மல்லி, சீரகம், சோம்பு, பட்டை, அன்னாசிப்பூ. இது நம் மில்லிலிருந்து, நம் மளிகைக் கடையிலிருந்து போனது. விழுதை எண்ணெயில் வதக்கி, தூளைச் சேர்த்து, எண்ணெய் பிரியும் வரை கிளறுவார்கள். மலாயில் இதற்குப் ‘பெச்சா மிஞ்ஞாக்’ என்று பெயர், எண்ணெய் உடைகிறது என்று அர்த்தம். நம் வீட்டில் எண்ணெய் பிரிஞ்சு வரட்டும் என்று சொல்கிற அதே கட்டம். இரண்டு அடுப்பிலும் ஒரே சோதனை. அதற்கு மேல் இரண்டும் வேறு பக்கம் போகின்றன. நம் குழம்பு சோற்றுக்காகக் கெட்டிப்படுகிறது. இது மீக்காக நீர்க்கிறது. சோறு குழம்பைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். மீ உறிஞ்சாது, வழுக்கும். அதனால் குழம்பு மீயின் மேல் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலமாக ஒட்டிக்கொள்ள வேண்டும். மேலே மிதக்கிற அந்தச் சிவப்பு எண்ணெயின் வேலை அதுதான். நான் கிண்ணத்தைப் பார்த்ததும் கரண்டியால் ஒதுக்கிவிட்ட எண்ணெய். உறிஞ்சுகிற வேலையைத் தவ்பூவும் கத்தரிக்காயும் பார்த்துக்கொள்கின்றன. தவ்பூவைக் கடித்தால் உள்ளேயிருந்து கொதிக்கிற குழம்பு பீய்ச்சும். நாக்கு பொத்துப் போன நாள்களை நோட்டில் எண்ணினேன், நாலு.

அளவுகோலை இப்படி மாற்றிக்கொண்ட பிறகு நல்லது கெட்டது சொல்ல முடிந்தது. அதுவரை பிடிக்குது, பிடிக்கல என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த அளவுகோலில், அந்தச் சந்தின் கிண்ணம் பதினொரு மணிக்கு மிக நன்றாக இருக்கிறது. ஒரு மணிக்கு அதே பானை, அதே ஆண்டி, வேறு கிண்ணம். அடுப்பு அணைவதே இல்லை, அதனால் குழம்பு சுண்டி உப்பு ஏறுகிறது. தேங்காய்ப்பால் முறிந்து திரிதிரியாகிறது. தண்ணீரோ புதுப் பாலோ விட்டுச் சமாளிக்கிறார்கள், அப்போது மசாலா பின்வாங்கிவிடுகிறது. பட்டியல் பார்த்து வருகிறவர்கள் எல்லாரும் பன்னிரண்டரைக்குத்தான் வருகிறார்கள், வந்து உப்பு கூட என்று எழுதுகிறார்கள். சந்தைக்காரர்கள் பத்தரைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

கெராங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இல்லாமல் இந்தக் கிண்ணம் பாதிதான். சேற்றில் வளர்கிற சிப்பி, உள்ளே ரத்தம் மாதிரி சிவப்பு. கொதிநீரில் ஒரு முக்கு, அவ்வளவுதான். அரைவேக்காட்டில் ஒரு இரும்பு வாசமும் கடல் உப்பும் இருக்கும். தேங்காய்ப்பாலின் இனிப்பைக் குறுக்கே வெட்டுவது அதுதான். நம் குழம்பில் புளி செய்கிற வேலையை இங்கே கெராங்கும் அந்தக் குட்டி எலுமிச்சையும் பிரித்துக்கொள்கின்றன. புளி இல்லை என்று நான் எழுதியது எவ்வளவு அவசரம் பாருங்கள். ஆபத்தும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். 1988-இல் ஷாங்காயில் சரியாக வேகாத சிப்பியால் சுமார் 3,00,000 பேருக்கு ஹெபடைடிஸ் ஏ வந்தது. நன்றாக வேகவைத்தால் ரப்பர். வேகவைக்காவிட்டால் சூதாட்டம். மலேசியக் கரையில் கெராங் விளைச்சல் 2000-களின் நடுவில் உச்சத்தில் இருந்தது, அடுத்த பத்து வருஷத்தில் பயங்கரமாகச் சரிந்தது. கிண்ணத்தில் சிப்பியின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததற்கு ஆண்டியின் கஞ்சத்தனத்தைக் காரணம் சொல்கிறவர்கள் சிலாங்கூர், பேராக் சேற்றுக் கரைகளில் என்ன நடந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நம் ஆட்களோடு எனக்குள்ள சண்டை வேறு இடத்தில். மாமாக் கடை மீ கோரேங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மீ சீனருடையது, தவ்பூ சீனருடையது, சோயா சாஸ் சீனருடையது. தமிழ் முஸ்லிம்கள் அதை எடுத்து, மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் போட்டு வாணலியில் புரட்டி, தங்களுடையது ஆக்கினார்கள். அதைச் சாப்பிடும்போது ‘இது சரியான மீ இல்லையே’ என்று நாம் கேட்பதில்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்கிறோம். அதே வேலையைத் திரும்பிய திசையில் ஒரு சீனர், நம் தூளை எடுத்துச் செய்தால், ஒன்று ‘இது கறியே இல்ல’ என்கிறோம், இல்லாவிட்டால் ‘எல்லாம் நம்முடையது’ என்கிறோம். மேலே பார்த்தால் நேரெதிர். அடியில் இரண்டிலும் சமைத்தவர் காணாமல் போய்விடுகிறார்.

சமைத்தவரைக் காணாமல் ஆக்குவதில் அரசாங்கங்களும் சளைத்தவை இல்லை. பினாங்கில் 2016 முதல், குறிப்பிட்ட உள்ளூர் அங்காடி உணவுகளை வெளிநாட்டுத் தொழிலாளர் சமைக்கக் கூடாது என்று விதி. அந்தப் பட்டியலில் கறி மீயும் உண்டு. அசலான ருசியைக் காப்பாற்ற என்றார்கள். எனக்கு அந்தக் கவலை புரிகிறது. ஆனால் இந்தக் கிண்ணத்தில் வந்தேறாத பொருள் எது என்று கேட்டால், தேங்காயையும் செரையையும் தவிர அதிகம் மிஞ்சாது. கப்பலில் வந்தவர்கள் கப்பலில் வந்தவர்களிடம் கற்றுக்கொண்டு சமைத்தது இது. எந்த வருஷத்தோடு கதவைச் சாத்துவது?

இனி அம்மா. 2019-இல் ஒரு சனிக்கிழமை, கோயிலுக்கு வேட்டி காணிக்கை கொடுக்க வேண்டும் என்று வந்திருந்தார். கோயில் முடிந்து திரும்பும்போது, இன்றைக்கு வெள்ளி இல்லையே, வாங்க என்று சந்துக்குள் கூட்டிக்கொண்டு போனேன். மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டுதான் வந்தார். சந்தைப் பக்கம் கீரை விலை கேட்டதும் தலைப்பை எடுத்துவிட்டார். கடையில் உட்கார்ந்தோம். அவர் பார்லி தண்ணி மட்டும் போதும் என்றார். எனக்குக் கிண்ணம் வந்தது. அம்மா குனிந்து, தொடாமல், வாசம் மட்டும் பிடித்தார்.

“மல்லி வறுக்கல. வெயில்ல காய வெச்சு அரைச்சது.”

“ம்.”

“சோம்பு தூக்கல். அன்னாசிப்பூ இருக்கு. இது பொட்டணத் தூளு, தம்பி. ஆனா கூட என்னமோ அரைச்சுப் போட்டிருக்கா. செரை. அப்புறம் அந்த நாத்தம் பெலாச்சான். மொதல்ல வதக்கியிருக்கா, நல்லா வதக்கியிருக்கா. பச்சை வாடை இல்ல.”

நான் இரண்டு வருஷமாகப் புத்தகம் புரட்டி, ஆள் பிடித்துக் கேட்டு, நோட்டில் எழுதி வைத்ததை அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார். எஸ்டேட்டில் பிறந்தவர். மலாய்க்காரப் பக்கத்து வீட்டு அடுப்பையும் சீனன் மளிகைக் கடையையும் சின்ன வயதிலிருந்தே மூக்கால் தெரிந்தவர். கிண்ணம் அவருக்கு எந்தக் காலத்திலும் ஒளிந்திருக்கவில்லை போலிருக்கிறது. சாப்பிடவில்லை, அவ்வளவுதான். ஆண்டியிடம் மலாயில், தூள் எங்கே வாங்குறீங்க என்று கேட்டார். ஆண்டி கரண்டியாலேயே தெருப் பக்கம் காட்டி, “கெடாய் இந்தியா லா” என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் வெற்றி இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை சந்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் மெர்டேக்கா 118 கோபுரத்தின் கிரேன்கள் தெரிந்தன. இப்போது அது 678.9 மீட்டர் உயரத்துக்கு முடிந்து நிற்கிறது. மேசையில் பாதி, அந்தக் கட்டட வேலைக்கு வந்த ஆட்கள். 2011-இல் எம்ஆர்டிக்காக ஜாலான் சுல்தான் கடைவீடுகளை எடுக்கப் போகிறார்கள் என்று இந்த வட்டாரமே தெருவில் இறங்கியது. எட்டு வருஷம் கழித்து, 2019-இல், பக்கத்திலேயே குவாய் சாய் ஹோங் சந்து சுவரோவியங்களோடு திறந்தது, பழைய ரெக்ஸ் தியேட்டர் புது வேஷத்தில் வந்தது. இடிக்க நினைத்த பழமைக்கு இப்போது போட்டோ மதிப்பு. 2024-இல் மலேசியரின் காலை உணவுப் பழக்கத்தை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பட்டியலில் ஏறுவது வேறு, பத்தரை மணிக்கு மீன்காரர் உட்காருகிற ஸ்டூல் அங்கேயே இருப்பது வேறு. ‘ஒளிந்திருக்கும்’ என்று எழுதுகிற ஒவ்வொரு கட்டுரையும் அந்த ஸ்டூலுக்கு ஒரு புது ஆளை அனுப்புகிறது. வாடகை வசூலிக்கிறவரும் அதைப் படிக்கிறார். நான் எழுதுவதும் அந்தக் கணக்கில்தான் சேரும், தெரியும். அதனால்தான் ஐந்து வருஷத்துக்கு மேல் நோட்டிலேயே வைத்திருந்தேன்.

கிளம்பும்போது அம்மா, ஒண்ணு பூங்குஸ் வாங்கிக்கோ என்றார். மீயும் குழம்பும் தனித்தனிப் பையில். வீட்டுக்கு வந்ததும் குழம்பைத் தன் சட்டியில் ஊற்றிச் சூடாக்கினார். மீயை எனக்குக் கொடுத்துவிட்டார். தட்டில் சோறு போட்டு, அதன்மேல் குழம்பை ஊற்றிக்கொண்டு, பயற்றங்காயும் தவ்பூவும் வைத்துச் சாப்பிட்டார். இது சோத்துக்கு வெச்சது இல்லம்மா, மீக்கு வெச்சது, அதான் தண்ணியா இருக்கு என்று என் தத்துவத்தை எல்லாம் சொன்னேன்.

“உப்பு கொஞ்சம் கூட. மத்தபடி சோத்துக்கு நல்லாத்தான் இருக்கு. அடுத்த தடவ மீ வேணாம்னு சொல்லி கொழம்பு மட்டும் வாங்கிட்டு வா.”

அடுத்த வாரம் போய்க் கேட்டேன். ‘குவா’ மட்டும் விற்பதில்லை, அது மீக்குத்தான் என்று ஆண்டி கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அவ சொல்றதும் சரிதான்.”